கிண்டி கோல்ஃப் மைதானம்: நேற்றும் நாளையும்

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தில் குதிரைகள் ஓடும் பாதை நீள்வட்டமாக வளைந்து செல்கிறது. அந்த வட்டத்துக்கு உட்புறம் விரிந்து கிடக்கும் புல்வெளியில் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் அமைந்தது. மொத்தம் பதினெட்டுக் குழிகள். பந்தயம் நடக்கும் நாளில் ஆட்டம் நிற்கும். மற்ற நாட்களில் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். வேளச்சேரிக்கும் அடையாறுக்கும் அந்த வழியாகத் தினமும் பேருந்தில் போய்வருகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மதில்சுவரும் அதற்கு மேல் எட்டிப்பார்க்கும் மரங்களின் உச்சியும்தான். தென்சென்னையின் நடுவே இத்தனை பெரிய திறந்தவெளி இருப்பதைப் பெரும்பாலோர் 2024 செப்டம்பரில் அரசு அதற்குச் சீல் வைத்தபோது செய்தித்தாள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இந்த நிலத்தின் உரிமை மூன்று அடுக்காக இருந்தது. நிலம் அரசுடையது. குத்தகை மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் பெயரில். உள்ளே கோல்ஃப் ஆடியது ஜிம்கானா கிளப். பொதுச் சொத்தாக இருந்தும் பொதுமக்கள் கால் வைக்க முடியாத இடமாக அது இருந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். இன்றைய வழக்குகளும் இதிலிருந்தே கிளைத்தவை.

சென்னையில் மாநகராட்சி நடத்தும் கோல்ஃப் மைதானம் கிடையாது. உலகில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், கடலோர மணல்வெளியில் விளையாடும் உரிமை ஊராருக்கு உண்டு என்று 1552ஆம் ஆண்டுச் சாசனம் உறுதி செய்தது. பின்னாளில் கடனில் மூழ்கிய ஊராட்சி அந்த நிலத்தை விற்றது. வாங்கியவர்கள் அதில் முயல் வளர்த்தார்கள். ஊராருக்கும் முயல் வளர்த்தவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் சச்சரவு நடந்தது. 1894இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின் மூலம் ஊர் அதை மீட்டுக்கொண்டது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. உலகின் மிகப் புகழ்பெற்ற அந்த ‘ஓல்டு கோர்ஸ்’ ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு மூடப்படுகிறது. அன்று ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அதில் நடக்கிறார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வான் கோர்ட்லாண்ட் பூங்காவுக்குள் 1895இல் தொடங்கியதுதான் அமெரிக்காவின் முதல் பொது கோல்ஃப் மைதானம். இந்தியாவில் டெல்லி வளர்ச்சி ஆணையம் லாடோ சராயில் 2000இல் திறந்த குதுப் கோல்ஃப் மைதானம், கிளப் உறுப்பினர் அல்லாதவரும் கட்டணம் செலுத்தி ஆடக்கூடியது. நிலம் யாருடையது என்பதோடு, வாசல் யாருக்குத் திறக்கிறது என்பதும் இந்த இடங்களில் எழுத்தில் இருந்தது. கிண்டியில் முதலாவது மட்டுமே எழுத்தில் இருந்தது.

கோல்ஃப் இந்தியாவுக்கு வந்தது ஆங்கிலேய வணிகர்களோடும் படை அதிகாரிகளோடும்தான். கல்கத்தாவில் 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழையது என்று கருதப்படுகிறது. பெங்களூரு கிளப் 1876இலும், இலங்கையில் ராயல் கொழும்பு கிளப் 1879இலும் தோன்றின. சென்னையில் ஜிம்கானா கிளப் 1884இல் உருவானது. அதற்கு முன்பே, 1873இல், இந்தியர்களுக்கென்று காஸ்மோபாலிட்டன் கிளப் தொடங்கப்பட்டிருந்தது. வெள்ளையர் கிளப்புகளின் கதவு இந்தியர்களுக்கு மூடியிருந்த காலம் அது. ஆகவே நகரத்துக்குக் கடைசியில் இரண்டு கோல்ஃப் மைதானங்கள் அமைந்தன: கிண்டியில் ஜிம்கானாவுடையது, அண்ணா சாலையை ஒட்டி நந்தனத்தில் காஸ்மோபாலிட்டனுடையது.

கிண்டியில் கோல்ஃபுக்கு முன்பே குதிரை வந்துவிட்டது. அங்கே 1777 முதல் பந்தயம் நடந்ததாக வரலாறு சொல்கிறது. ஆளுநரின் ஓய்வு மாளிகை பக்கத்திலேயே இருந்தது. சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டினால் கோட்டையிலிருந்து வண்டியில் வந்து சேரும் தொலைவு. மெட்ராஸ் ரேஸ் கிளப் முறையாக அமைந்தது 1896இல். அந்த மைதானம் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்குப் பெயரையும் கொடுத்தது. வேளச்சேரிப் பக்கம் போகும் ஃபைவ் ஃபர்லாங் சாலையின் பெயரில் உள்ள ஃபர்லாங், பந்தய மைதானத்து நீள அளவு. ஒரு ஃபர்லாங் ஏறக்குறைய 200 மீட்டர்.

இன்றைய வழக்கின் வேர் 1945ஆம் ஆண்டுக் குத்தகை. அன்றைய சென்னை மாகாண அரசு 160.86 ஏக்கரை 1945 ஏப்ரல் 1 முதல் 99 ஆண்டுகளுக்கு ரேஸ் கிளப்புக்குக் கொடுத்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். ஏக்கர் கணக்கில் பார்த்தால் வருடத்துக்கு நான்கு ரூபாய்கூட வரவில்லை. நாடு சுதந்திரம் அடைந்தது; மாகாணம் மாநிலமானது; கிண்டித் தொழிற்பேட்டையும் ஐஐடியும் மெட்ரோ ரயிலும் வந்தன. வேளச்சேரியில் வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாயின. வாடகை அதே தொகையில் நின்றது. இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் கற்பிப்பது கடினம். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ சலுகை வாடகையில் அரசு நிலம் பெற்றால், அதன் பலன் ஊருக்குத் திரும்புகிறது. இங்கே திரும்பியது என்ன என்ற கேள்விக்குத் திறந்தவெளி மிஞ்சியது என்ற ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலும் அற்பமானதன்று; நிலம் வேறு கைகளில் இருந்திருந்தால் இன்று அங்கே கண்ணாடிக் கட்டடங்கள் நின்றிருக்கும்.

கோல்ஃப் மைதானம் என்ற பொருளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பந்தை விழச்செய்யும் குழியின் விட்டம் 4.25 அங்குலம், 1891 முதல் உலகமெங்கும் இதே அளவு. குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ பகுதியில் புல் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் வளர விடப்படுவதில்லை. வெப்ப நாடுகளில் இதற்குப் பயன்படும் பெர்முடா புல் வகைகள் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். மயிலாப்பூர் மாட வீதிகளில் பிள்ளையாருக்கு மாலையாகக் கட்டி விற்கும் அதே அருகு. அது வறட்சியைத் தாங்கும். வேர் விட்டுப் படரும். மிதித்தாலும் மீண்டும் எழும். ஆனால் அதை ஆட்டத்துக்குத் தோதாக வைத்திருக்க ஏராளமான தண்ணீரும், அவ்வப்போது உரமும் பூச்சிமருந்தும் வேண்டும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் சென்னைக் கோடையில் இந்தச் செலவு கேள்விக்குள்ளாவது இயல்பு. பழைய நாட்களில் வெயில் மிகுந்த ஊர்களில் கிரீனுக்குப் புல்லே வைக்கமாட்டார்கள். மணலில் எண்ணெய் கலந்து சமன்செய்து, அதற்கு ‘பிரவுன்’ என்று பெயர் வைத்து ஆடினார்கள். சிக்கனமான அந்த வழக்கம் போட்டி ஆட்டத்தின் தரம் உயர உயர மறைந்தது.

மைதானத்தில் ஆடியவர்களைப் போலவே, அவர்களின் மட்டைப் பையைச் சுமந்த கேடிகளும் அதன் வரலாற்றில் உண்டு. காற்று எந்தப் பக்கம், புல் எந்தத் திசையில் படிந்திருக்கிறது, எந்த மட்டை எடுக்கலாம் என்று ஆடுபவருக்குச் சொல்லிக் கொடுப்பவர் பல நேரம் கேடிதான். இந்தியத் தொழில்முறை கோல்ஃபின் பெரிய பெயர்கள் சில இந்த வழியாக வந்தவை. பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரிப்பாளரின் மகனான எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் அதே பட்டத்தை வென்றார். வாசல் வழியாக உறுப்பினராக நுழைய முடியாத குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள். ஆட்டம் அடைபட்டிருந்தபோதே இவ்வளவு திறமை வெளிப்பட்டது என்றால், பொது மைதானம் ஒன்று இருந்திருந்தால் சைதாப்பேட்டையிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

அரசுக்கும் ரேஸ் கிளப்புக்குமான மோதல் புதிதன்று. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தையும் அதன் மீதான பணயத்தையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் கிளப்பையே அரசுடைமையாக்க இன்னொரு சட்டம் வந்தது. இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை போயின. கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரியில் வந்த தீர்ப்பு, குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அன்று என்றது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தையும் செல்லாதது என்றது. ஒழுக்கத்தை முன்வைத்து நடந்த போர் அத்தோடு முடிந்தது.

அடுத்த போர் வாடகையை வைத்து வந்தது. 1970ஆம் ஆண்டிலேயே வாடகையை உயர்த்த வேண்டும் என்று அரசு கேட்டிருந்தது. 1970 முதல் 2004 வரைக்கான பாக்கியாக 730.86 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று 2017இல் நோட்டீஸ் போனது. குத்தகைப் பத்திரத்தில் வாடகையை உயர்த்த இடமே இல்லை என்பது கிளப்பின் வாதம். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், பொதுநலனுக்கு எதிராக அரசு நிலம் இப்படி அற்ப வாடகையில் கிடக்க முடியாது என்ற அடிப்படையில், அந்தத் தொகையை ஒரு மாதத்துக்குள் செலுத்த உத்தரவிட்டார். 2004க்குப் பிந்திய பாக்கி 12,000 கோடி ரூபாயைத் தாண்டும் என்பது அரசின் கணக்கு. இவ்வளவு பெரிய தொகையை எந்த கிளப்பும் கட்டப்போவதில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். நிலம் யார் கையில் இருக்கும் என்பதே உண்மையான கேள்வி.

2024 ஜூனில் ஊட்டியில் ஏறக்குறைய 52 ஏக்கர் பந்தய மைதானத்தை, வாடகை பாக்கியைக் காரணம் காட்டி அரசு எடுத்துக்கொண்டது. மூன்று மாதம் கழிந்து கிண்டியின் முறை வந்தது. குத்தகை ரத்து செய்யப்பட்டு, செப்டம்பர் 9ஆம் தேதி வருவாய்த் துறையினர் வாசலுக்குச் சீல் வைத்தார்கள். முறையாக நோட்டீஸ் கொடுத்து அவகாசம் அளித்த பிறகே நிலத்தை எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் குறுக்கிட்டது. தொடர்ந்து 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கும் பொறுப்பைத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்து அரசு அறிவித்தது. 2044 வரை ஓடவேண்டிய குத்தகையை இடையில் ரத்து செய்ய முடியுமா என்ற கேள்வியோடு வழக்குகள் அதன் பிறகும் தொடர்ந்தன. அதற்கிடையே மாநகராட்சி அங்கே குளங்களை வெட்டி ஆழப்படுத்தத் தொடங்கியது.

குளம் வெட்டும் முடிவுக்குப் பின்னால் ஒரு நீண்ட துயரம் இருக்கிறது. கிண்டியிலும் ஆதம்பாக்கத்திலும் பெய்யும் மழை வேளச்சேரி ஏரியை நாடிப் போய், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்வது இயற்கையான போக்கு. 265 ஏக்கர் இருந்ததாகச் சொல்லப்படும் வேளச்சேரி ஏரி இன்று 55 ஏக்கர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. நீர் தங்க இடமில்லாதபோது தெருவில் தங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது ஃபைவ் ஃபர்லாங் சாலை அருகே கட்டுமானப் பள்ளம் ஒன்று சரிந்து நீரில் மூழ்கித் தொழிலாளர்கள் இறந்தார்கள். வேளச்சேரி ஏரி தொடர்பான விசாரணையில்தான், பந்தய மைதானத்து நிலத்தில் நீரைத் தேக்க முடியுமா என்ற யோசனை தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்தது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 160.86 ஏக்கர் என்பது ஏறக்குறைய 65 ஹெக்டேர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த நிலப்பரப்பின் மேல் மட்டும் ஆறரைக் கோடி லிட்டர் நீர் விழுகிறது. வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கு இப்படிப்பட்ட நாள் அபூர்வமன்று. இந்த நீர் மண்ணில் இறங்குமா, குளத்தில் நிற்குமா, தாழ்வான தெருவுக்குப் போகுமா என்பதை நிலத்தின் மேற்பரப்பே தீர்மானிக்கும். புல்வெளியும் குளமும் நீரை வாங்கும். கான்கிரீட் நடைபாதையும் கார் நிறுத்துமிடமும் வாங்காது. பூங்கா என்ற பெயரில் பாதி நிலத்தைத் தளம் போட்டால், கோல்ஃப் மைதானம் செய்துவந்த நன்மைகூட மிஞ்சாது. இந்த ஒரு விஷயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது.

பூங்கா என்ற அறிவிப்பு மட்டும் காவலாகாது என்பதற்குச் சென்னையிலேயே வலுவான சான்று இருக்கிறது. 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன், இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி மக்கள் பூங்கா அமைத்தார். பரப்பு 116 ஏக்கர். கிண்டியில் இப்போது அறிவித்திருக்கும் 118 ஏக்கருக்கு ஏறத்தாழச் சமம். குளங்கள், பாண்டு வாத்திய மேடை, மிருகக்காட்சிசாலை எல்லாம் இருந்தன. பிறகு விக்டோரியா பொதுக்கூடம் எழுந்தது, 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, பின்னர் விளையாட்டரங்கம். ஒவ்வொன்றும் பொதுக் காரியம்தான். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் காலத்தில் நல்ல காரணம் சொல்லப்பட்டது. மிருகக்காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போயிற்று. மை லேடீஸ் பூங்கா போன்ற துண்டுகள் தவிர அந்த 116 ஏக்கர் இன்று எங்கே என்று கேட்டால் காட்ட ஆளில்லை. கிண்டிக் காட்டின் கதையும் அதேதான்: 1910இல் சுமார் 505 ஹெக்டேராக இருந்த காப்புக்காட்டிலிருந்து ஐஐடியும் நினைவிடங்களும் நிறுவனங்களும் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது எஞ்சியது ஏறக்குறைய 270 ஹெக்டேர். அந்த எச்சம் இன்றும் காடாகவே இருப்பதற்கு அதற்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பே காரணம்.

இன்னொரு சான்று கதீட்ரல் சாலையில் இருக்கிறது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் 2008இல் மூடப்பட்ட பின், அந்த அரசு நிலத்தில் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. எதிரே, தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்து மீட்ட ஏறக்குறைய 6 ஏக்கரில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்தது. அடைபட்டிருந்த நிலம் ஊருக்குத் திரும்பியதற்கு இரண்டும் நல்ல உதாரணங்கள். மாலை வேளையில் அங்கே கூடும் குடும்பங்களே அதற்குச் சாட்சி. ஆனால் புதிய பூங்காவில் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் என்று நுழைவுக் கட்டணம் தொடங்கியது. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் போனால் 300 ரூபாய். கட்டட வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது வாரம் ஒருமுறை கொடுக்கக்கூடிய தொகையன்று. கிளப் உறுப்பினர் அட்டை இருந்த இடத்தில் நுழைவுச்சீட்டு வந்து நின்றால், வாசல் பாதிதான் திறந்ததாகும்.

மற்ற நகரங்கள் வெவ்வேறு வழிகளில் போயிருக்கின்றன. மும்பை மகாலட்சுமி பந்தய மைதானத்தின் குத்தகை 2013இல் முடிந்தது. நீண்ட இழுபறிக்குப் பின் 2024இல் 211 ஏக்கரில் 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்கும் 91 ஏக்கர் பந்தய கிளப்புக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் நிலம் அரசுடையது. குத்தகை முடிந்தால் நீட்டிப்பு கிடைக்கும் என்று எவரும் நம்பியிருக்க முடியாது. கெப்பல் கிளப்பின் குத்தகை 2021 இறுதியில் முடிந்து அந்த நிலம் குடியிருப்புக்குப் போனது. அங்கே எல்லாரும் ஆடக்கூடிய பதினெட்டுக் குழிப் பொது மைதானமாக இருந்த மரினா பே மைதானமும் 2024 நடுவில் மூடப்பட்டது. பொதுவான மைதானமும் தப்பவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சிங்கப்பூரின் கணக்கில் வீடு முதலில் வருகிறது; சென்னையின் கணக்கில் வெள்ளம் முதலில் வர வேண்டும்.

கிண்டியில் ஆடியவர்களுக்கு இழப்பு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. தலைமுறைகளாகப் பேணப்பட்ட புல்வெளியும் அதில் வேலை செய்தவர்களின் பிழைப்பும் ஒரே அரசாணையில் நிலைகுலைந்தன. ஆட்டம் சென்னையை விட்டுப் போய்விடாது. நந்தனம் மைதானம் இருக்கிறது. வேலையை இழக்கும் கேடிகளுக்கும் புல் பராமரிப்பாளர்களுக்கும் அந்தச் சமாதானம் போதாது. புல்லையும் மண்ணையும் அவர்களளவு அறிந்தவர்கள் கிடைப்பது அரிது. அமையப்போகும் பூங்காவில் முதல் வேலை அவர்களுக்குத் தரப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காக்க 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பட்டியலில் ஏறிய இடத்தை வேறு காரியத்துக்கு எளிதில் திருப்ப முடியாதபடி செய்வது அதன் நோக்கம். வழக்கு எப்படி முடிந்தாலும், நிலம் அரசின் கையில் நிலைக்குமானால், 160 ஏக்கரையும் சர்வே எண்ணோடு அந்தப் பட்டியலில் ஏற்றவேண்டும். எத்தனை சதவீதம் நிலத்தில் தளம் போடலாம் என்ற வரம்பையும், வாரத்தில் எத்தனை நாள் கட்டணமின்றி வாசல் திறந்திருக்கும் என்பதையும் அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். வேளச்சேரி, கிண்டி, அடையாறு குடியிருப்போர் சங்கங்கள் பகுதி சபைக் கூட்டங்களில் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்கலாம். பூங்காவின் வரைபடம் முடிவாவதற்கு முன்பே கேட்க வேண்டும்.